ஏழு என்னைத் திட்ட வேண்டும்

நான் பிராணிகளுக்குப் பெயர் வைப்பதில்லை. சமவெளியில் ஒரு பெரிய உயிரியல் பூங்காவில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கே யானைக்கும் பெயர் உண்டு, கிழட்டு முதலைக்கும் பெயர் உண்டு, கூண்டு வாசலில் பலகையும் உண்டு. அங்கேயே இருக்கப்போகிற பிராணிகளுக்கு அது சரி. கொடைக்கானல் பக்கம் பள்ளங்கிக்கு மேலே சரிவில் இருக்கும் இந்தச் சின்ன மறுவாழ்வு மையத்துக்கு வருபவை அடிபட்டோ தாயை இழந்தோ வருகின்றன. தேறியதும் காட்டுக்குத் திரும்ப வேண்டியவை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பிராணி காட்டில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? அதனால் எண் மட்டும்தான். அந்த வருடம் ஏழாவதாக வந்த மலையணில் குட்டிக்குப் பதிவேட்டில் ‘ஏழு’ என்று எழுதினேன்.

பண்ணைக்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்தபோது கூடு கீழே விழுந்துவிட்டது. தாய் திரும்பி வருகிறதா என்று ஒரு பகல் முழுக்கப் பார்த்துவிட்டு, வனக்காவலர் ஒருவர் குட்டியைத் தக்காளிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். சுற்றியிருந்த பழைய ஸ்வெட்டரைப் பிரித்தால் உள்ளே கண் திறக்காமல், என் உள்ளங்கையில் அடங்குகிற அளவில் கிடந்தது. வளர்ந்தால் வாலோடு மூன்றடி வரும். மரத்துக்கு மரம் இருபதடி தாவும். தரையில் மட்டும் அதற்கு ஒன்றும் தெரியாது. தரைக்கு வந்த மலையணில் நாய்க்குத் தீனி என்பதுதான் இந்த மலையின் நிலவரம்.

என்னோடு வேலை பார்த்த பராமரிப்பாளர் பள்ளங்கிக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். வெள்ளைப்பூண்டும் பீன்ஸும் போடுகிற சின்னத் தோட்டம் ஒன்று அவருக்கு இருந்தது. கை சுத்தம், கண் கூர்மை, வாய் மட்டும் ஓயாது. ஆந்தையிடம் மழையைப் பற்றிப் பேசுவார், முள்ளம்பன்றியிடம் மருமகனைப் பற்றிக் குறை சொல்வார். ஏழு வந்த அன்றே அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

“இது பக்கத்துல ஒரு வார்த்தை பேசக் கூடாதுண்ணே. மனுஷக் குரல் இதுக்குப் பழகவே கூடாது.”

“ஏலே, எந்திரிச்சிட்டியான்னு கேட்டாக்கூடவா?”

“அதுவும் கூடாது.”

“அப்ப வாயில துணிய வச்சுக்கிட்டுத்தான் சோலி பாக்கணும்,” என்றார். வைத்துக்கொண்டும் பார்த்தார். ஏழு இருந்த அறைக்குள் போகும்போதெல்லாம் துண்டை வாயில் கவ்விக்கொண்டே போவார்.

எனக்கும் விதிகள் உண்டு. கண் திறந்த நாளிலிருந்து அதன் முன்னால் என் முகத்தைக் காட்டவில்லை. தலையிலிருந்து இடுப்பு வரை பழுப்புச் சாக்குத் துணியில் தைத்த அங்கி, கையில் உறை. ஆட்டுப்பாலைச் சூடாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். குளிரில் நடுங்கினால் அங்கிக்குள் விட்டு மார்போடு அணைத்துக்கொள்வேன். மலைக்கு வந்த நாளிலிருந்து எனக்கு மூக்கடைப்பு. விடிந்ததும் கழுத்திலும் மார்பிலும் யூகலிப்டஸ் தைலம் தேய்த்துக்கொண்டுதான் அங்கியை மாட்டுவேன். அந்த நெஞ்சுச் சூட்டில்தான் அது தூங்கியது. ஒரு பிராணியை இதைவிடச் சுத்தமாக யாரும் வளர்த்திருக்க முடியாது என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது.

ஏழாம் மாதத்தில் அதைப் பெரிய கூண்டுக்கு மாற்றினோம். உள்ளே மூன்று உயிர் மரங்கள், மேலே உயரத்தில் ஒரு தீனித் தட்டு. நாவல், பலாச்சுளை, இளந்தளிர் எல்லாம் மேலேயே கிடைக்கும். கீழே இறங்க வேண்டிய அவசியமே இல்லை. செம்பழுப்பும் கறுப்புமாக, மஞ்சள் வயிறோடு அது கிளை மாறிப் பாய்வதைப் பலகை மறைப்பின் துளை வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். மழைக்கு முன்னால் பண்ணைக்காட்டிலேயே விட்டுவிடலாம் என்று மேலதிகாரிக்கு எழுதினேன்.

மறு வாரம் சமையல் கேஸ் கொண்டுவந்தவர் கூண்டுப் பக்கமாக உருளையை உருட்டிப் போனார். ஏழு சரசரவென்று கம்பி வலையில் இறங்கி, அவர் முழங்கால் உயரத்துக்கு வந்து, மூக்கை வலையில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றது.

“பழக்கமான அணிலுங்களா?” என்று அவர் சிரித்தார்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. நேராகப் போய்ப் பராமரிப்பாளரை, கேஸ்காரர் முன்னிலையிலேயே கேட்டேன். “எத்தனை நாளா இதுகூடப் பேசுறீங்க?”

“ஒரு வார்த்த பேசலங்க மேடம்.”

“பேசாமத்தான் மனுஷனப் பாத்ததும் இறங்கி வருதா? ஏழு மாசப் பாடு போச்சுண்ணே. உங்க வாயால போச்சு.”

அவர் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த கூண்டுக்குப் போய்விட்டார். மறுநாள் வழக்கம்போல வெள்ளனே வந்து எல்லாக் கூண்டையும் கழுவினார். ஆனால் ஆந்தையிடம் மழையைப் பற்றிப் பேசவில்லை. டீ குடிக்கும்போது என்னிடமும் பேசவில்லை. ஒருவர் வாயடைத்துப் போனால் இடமே எவ்வளவு வெறிச்சோடிப் போகும் என்று அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். இருந்தாலும் நான் சொன்னது சரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தவறென்று தோன்றினால்தானே மன்னிப்புக் கேட்க.

அந்த வாரமே மேலதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. “நீங்க முன்னாடி இருந்த பார்க்லயே கேக்குறாங்க. ஆளப் பாத்தா கிட்ட வர்ற மலையணில்னா பிள்ளைங்க ரசிப்பாங்க. அனுப்பிடலாமே?”

அந்தப் பூங்காவை நான் குறை சொல்ல மாட்டேன். காட்டுக்குத் திரும்ப வழியில்லாத பிராணிகளை அங்கே கண்ணும் கருத்துமாகப் பார்த்திருக்கிறோம். ஆனால் ஏழுக்கு இரண்டு கண்ணும் நான்கு காலும் நன்றாக இருந்தன, தாவத் தெரிந்தது, கூடு கட்டவும் தொடங்கியிருந்தது. அதை வாழ்நாள் முழுக்கக் கம்பிக்குள் வைக்க எனக்கு மனம் வரவில்லை. “மழை தொடங்குற வரைக்கும் டைம் குடுங்க சார். அதுக்குள்ள சரியாகலைன்னா நானே கூண்டுல ஏத்தி அனுப்புறேன்,” என்றேன்.

இரண்டு நாள் கழித்து, அலுவலக அறையில் எழுதிக்கொண்டிருந்தேன். பராமரிப்பாளர் வந்து என் மேசையில் இரண்டு முறை தட்டினார். வாங்க என்று கையைக் காட்டினார். போனேன். காலையில் துவைக்கப் போட எடுத்துவந்த என் துண்டைக் கூண்டு வாசல் கொக்கியிலேயே மாட்டிவிட்டு மறந்திருந்தேன். பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. ஏழு வலையில் தலைகீழாகத் தொங்கியபடி, இரண்டு கையாலும் அந்தத் துண்டைக் கம்பி வழியே உள்ளே இழுத்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது. அவர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். பிறகு என் கழுத்தைச் சுட்டிக் காட்டினார்.

தைலம்.

கேஸ்காரரிடம் போனில் கேட்டேன். முழங்கால் வலிக்குத் தினமும் போடுவாராம். பிறகு சோதித்தும் பார்த்தோம். வெறுந்துணியை ஏழு சட்டை செய்யவில்லை. இரண்டு சொட்டு தைலம் விட்ட துணிக்குக் கிளையிலிருந்து பறந்து வந்தது. முகத்தை மறைத்தேன், குரலை மறைத்தேன், இன்னொருவரின் வாயையும் கட்டினேன். என் கழுத்து வாசனையை மட்டும் தாயென்று கற்றுக்கொடுத்திருக்கிறேன். கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் முதலில் விற்க வருவது அதைத்தான். பாதி மலை அதைப் பூசிக்கொண்டுதான் எழுந்திருக்கிறது. இந்த மலையில் மூக்கடைத்தவர், முட்டி வலித்தவர் எல்லோரும் ஏழுக்குத் தாய்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கேஸ்காரர் மறுபடி வந்த நாளில், அவர் முன்னிலையிலேயே சொன்னேன். “தப்பு என்னோடதுண்ணே. உங்களச் சொன்னதுக்கு மன்னிச்சிருங்க.”

“விடுங்க மேடம். இனி பேசலாங்களா?”

“பேசுங்க.”

அன்று மாலை வரை பராமரிப்பாளர் முள்ளம்பன்றியிடம் ஒரு வாரச் செய்தியைச் சொல்லித் தீர்த்தார்.

கற்றுக்கொடுத்ததை மறக்கடிப்பது கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம். காட்டுமாடு தோட்டத்துக்குள் இறங்கினால் விரட்ட அவர் வைத்திருந்த எண்ணெய்த் தகரத்தைக் கொண்டுவந்தார். உள்ளே கூழாங்கல் போட்டுக் கூண்டுக்குப் பின்னால் கட்டித் தொங்கவிட்டோம். நான் தைலம் பூசி, அங்கியில்லாமல், முகம் தெரியக் கூண்டுக்குள் போக வேண்டும். ஏழு என்னிடம் வந்ததும் அவர் மறைவிலிருந்து கயிற்றை இழுக்க வேண்டும். மனிதர், தைலம், பயங்கரச் சத்தம், மூன்றும் சேர்ந்து அதன் மனதில் பதியும் என்பது என் கணக்கு.

முதல் நாள் தகரம் அதிர்ந்ததும் ஏழு துள்ளிக் குதித்து ஓடியது. ஓடி வந்து ஏறியது என் மேல்தான். தோள் வழியாகக் கழுத்துக்குள் புகுந்து, வாலை என் காதைச் சுற்றிப் போட்டுக்கொண்டு நடுங்கியது. பயந்த குட்டி தாயிடம்தானே ஓடும். பன்னிரண்டு வருடம் பூங்காவில் இருந்தவளுக்கு இது தோன்றவில்லை. ஒரு வாரம் விடாமல் செய்தும் தினம் தினம் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

“அனுப்பிருவமா மேடம்? அங்கயாச்சும் நிம்மதியா கெடக்கட்டும்,” என்றார் அவர். அவருக்கே அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

“அனுப்ப மாட்டேன். தகரத்த என் கையில குடுங்க.”

பயம் வேறெங்கிருந்தோ வந்தால் நான் அதற்குப் புகலிடம். பயமே நானாக இருந்தால்தான் அது என்னை விட்டு ஓடும். அதைத் தவிர வேறு வழியில்லை என்று முடிவு செய்தேன். மறுநாள் காலையில் வழக்கத்தைவிட அதிகமாகத் தைலம் பூசிக்கொண்டு உள்ளே போனேன். ஏழு கிளையில் இறங்கி, பாதியில் நின்று, மூக்கைச் சுருக்கி மோப்பம் பிடித்து, சந்தோஷமாக வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் வந்ததும் தகரத்தைத் தூக்கி அதன் முகத்துக்கு நேராக அடித்தேன். கத்தினேன். காலால் தரையை உதைத்தேன். அது மேலே ஓடி, கிளையின் மறுபக்கம் ஒட்டிக்கொண்டு, தலையை மட்டும் நீட்டி என்னைப் பார்த்தது. சற்று நேரத்தில் மெதுவாகத் திரும்ப இறங்கி வந்தது. மறுபடியும் அடித்தேன்.

வெளியே வந்து பாத்திரம் கழுவுகிற தொட்டியருகே உட்கார்ந்து அழுதேன். பராமரிப்பாளர், “எனக்குத் தோட்டத்துல ஒரு சோலி கெடக்கு, வெரசா வந்துருதேன்,” என்று கிளம்பிப் போனார். தோட்டத்தில் அப்போது ஒரு சோலியும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதன்பிறகு நான் கூண்டுக்குள் போகிற நேரத்தில் எல்லாம் அவருக்குத் தோட்டத்தில் சோலி இருந்தது.

தினமும் போனேன். காய்ச்சலிலும் போனேன். ஒன்பதாம் நாள் அது கைக்கெட்டும் தூரத்துக்கு வரவில்லை. பதினைந்தாம் நாள் பாதி மரத்தில் நின்றுவிட்டது. இருபதாம் நாளுக்கு மேல், நான் கதவைத் திறக்கும்போதே உச்சிக் கிளையில் இருந்தது. ஆனால் அங்கிருந்து சத்தமில்லாமல் என்னைப் பார்த்தது. எனக்கு அந்த மௌனம் போதவில்லை. காட்டு மலையணில் ஆபத்தைக் கண்டால் ஓடி ஒளிவதோடு விடாது. தொண்டையைத் திறந்து கடகடவென்று சத்தம் போட்டு ஊரையே கூட்டும். ஏழு பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தைப் போட்டதில்லை.

மழைக்குப் பதினைந்து நாள் இருந்தபோது அதைப் பண்ணைக்காட்டுக்குக் கொண்டுபோனோம். கூடு விழுந்த அதே தோட்டத்தில், உயரமான மரத்தின் கவட்டையில் சின்னக் கூண்டைக் கட்டி, நான்கு நாள் அங்கேயே தீனி வைத்துவிட்டு, ஐந்தாம் நாள் கதவைத் திறந்தோம். எல்லாம் பராமரிப்பாளர்தான் செய்தார். நான் காற்று வீசுகிற திசை பார்த்துத் தள்ளியே இருந்தேன்.

கதவு திறந்து ஒரு வாரம் கழித்து, கடைசிச் சோதனைக்குப் போனோம். காலை ஒன்பது மணி இருக்கும். ஜீப்பை விட்டு இறங்கி, கழுத்திலும் மார்பிலும் கையிலும் அரைப் புட்டி தைலத்தைத் தேய்த்துக்கொண்டேன். கண்ணில் நீர் வந்தது, தைலத்தால்தான். தகரம் எடுத்துப் போகவில்லை. இறங்கி வந்தால் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான், நேராகப் பூங்காவுக்கு வண்டி என்று அவரிடம் சொல்லியிருந்தேன். கேட்டுக்கொண்டு துண்டை வாயில் கவ்விக்கொண்டார். மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே போய்த் தலையை நிமிர்த்தி நின்றேன்.

இலை அசைந்தது. ஏழு ஒரு கிளை இறங்கியது. இன்னொரு கிளை. மூக்கு சுருங்கியது. வராதே, வராதே என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அது பின்னங்காலில் எழுந்து, வாலை உதறி, வாயைத் திறந்தது. கடகடகடவென்று தோட்டமே அதிர்கிற சத்தம். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். இன்னும் உயரத்துக்கு ஏறி நின்று இன்னும் பலமாகக் கத்தியது. எங்கோ தள்ளி, வேறொரு மரத்திலிருந்து இன்னொரு மலையணில் பதில் கொடுத்தது.

பராமரிப்பாளர் துண்டை எடுத்தார். “திட்டுது மேடம். உங்களத்தான் திட்டுது.”

“நல்லாத் திட்டட்டும்ணே,” என்றேன். கண்ணைத் துடைக்கக் கை முழுக்கத் தைலமாக இருந்ததால் அவர் தன் துண்டைக் கொடுத்தார். திட்டி முடிக்கும் வரை இருவரும் அங்கேயே நின்று கேட்டோம்.