தலைமை வாத்தியாரின் கைவலி

எங்கள் தலைமை வாத்தியாரைப் போல் சமத்துவத்தைச் சொல்லிக்கொடுத்த ஆளை நான் பார்த்ததில்லை. சுவரில் எழுதியிருந்த 'எகலித்தே' என்ற அந்தப் பிரெஞ்சுச் சொல்லைப் பிரம்பால் தட்டித் தட்டி ஓதவைப்பார். சேரிப் பிள்ளைகள் ஐந்து பேரும் அதை வாசலுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்து ஓதுவார்கள். தூ!

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். பாகூர் ஏரிக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் இளைய வாத்தியார். சட்டப்படி எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும், பெரிய வாத்தியார் சேர்த்தார். எங்கே உட்காரவைப்பது என்று சட்டம் சொல்லவில்லையாம். வெளியே இருக்கும் பிள்ளைகள் எழுதி முடித்தால் சிலேட்டைப் படியில் வைத்துவிட்டு மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். இவர் எட்டிப் பார்த்துப் பிரம்பு நுனியால் சரி, தப்பு காட்டுவார். மறந்தும் தொடமாட்டார்.

நான் தொடுவேன். அவர் மத்தியானம் சாப்பிடப் போனதும் சிலேட்டைக் கையில் வாங்கிச் சரிக்குறி போட்டுக் கொடுப்பேன். அதற்காக என்னை நானே எப்படி மெச்சிக்கொண்டேன் என்று நினைத்தால் குமட்டுகிறது.

ஐவரில் ஒருத்திக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பிரெஞ்சில் எதைச் சொன்னாலும் பிழையில்லாமல் எழுதுவாள். உள்ளே பெஞ்சைத் தேய்த்த மிராசுதார் வீட்டுச் சீமான்கள் அவள் கால்தூசி பெறமாட்டார்கள். ஆனால் படிப்பை முடித்ததற்குச் சான்றிதழ் தரும் செர்த்திபிகா பரீட்சைக்கு அனுப்பும் பட்டியலில் அவர்கள் இருந்தார்கள், அவள் இல்லை. பெரியவரிடம் கேட்டேன்.

"அது எழுதி இன்னா கிழிக்கப் போவுது? நடவுக்குப் போற பொண்ணு. ஊர்க்காரங்க கேட்டா நீயாப்பா பதில் சொல்லுவ?" என்றார்.

புதுச்சேரியிலிருந்து வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்த அன்று மட்டும் ஐவருக்கும் உள்ளே இடம் கிடைத்தது. துரை சொல்லச் சொல்ல எல்லோரும் எழுதினார்கள். அவள் சிலேட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இவள் பட்டியலில் இருக்கிறாள் அல்லவா?" என்று பிரெஞ்சில் கேட்டபடியே சிலேட்டைப் பெரியவரிடம் நீட்டினார்.

பெரியவருக்குப் பழக்கம் முந்திக்கொண்டது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சட்டென்று விலகினார். சிலேட்டு தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது.

பிரம்பும் மீசையுமாகத் திரிந்த மனுஷன் பேயறைந்தாற்போல் நின்றார். துரை என் பக்கம் திரும்பி, "ஏன் வாங்கவில்லை?" என்றார். உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். துரையே அவள் பெயரை எழுதியிருப்பார். ஆனால் என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் பெரியவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

"அவருக்குக் கைவலி, முசியே. பட்டியலை அவர் பார்த்துக்கொள்வார்" என்றேன். நல்ல பிரெஞ்சில் சொன்னேன், வெட்கங்கெட்டவன். அவள் குனிந்து சிலேட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

துரை தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். மறுநாள் காலையிலேயே பட்டியல் போய்விட்டது, அவள் பெயர் இல்லாமல். ஐவரும் மறுபடி வெயிலில்.

அன்று மத்தியானம் பெரியவர் சாப்பிடப் போனதும் வழக்கம்போல் வாசலுக்குப் போய்க் கையை நீட்டினேன். அவள் பாதிச் சிலேட்டைப் படியில் வைத்துவிட்டு மூன்றடி தள்ளி நின்றாள்.

"கையில குடும்மா" என்றேன்.

"வாணாங்கய்யா, உங்களுக்கும் கை வலிக்கும்" என்றாள்.