உன்டாவின் அம்பறாத்தூணி

கஷேயின் அம்பறாத்தூணியை யானை மிதித்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்கு வந்த யானை, வழியில் கிடந்ததைப் பார்த்தா காலை வைக்கும்? வேர்ப்பட்டையில் செய்த தூணி அப்பளமாக நொறுங்கியது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் கூரையில் செருகியிருந்ததால் நஞ்சு பூசிய அம்புகள் மட்டும் தப்பின.

புல் காய்ந்துவிட்ட காலம். ஊரில் கறி வேகும் வாசனை வந்து ஒரு மாதமிருக்கும். யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. மாவுக் கஞ்சியைக் கிண்டியபடி கஷேயின் பக்கம் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

தங்கை புருஷன் தெபே, ஆழ்குழாய் போட்டபோது மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தான். இரண்டு முனைக்கும் மூடி இருந்தது.

"இந்தா மச்சான். யானை ஏறி ஆடினாலும் ஒடையாது. ஒரே ஒரு குறை, நீ வர்றது மானுக்கு முந்தின நாளே தெரிஞ்சிரும்."

கஷே அம்புகளைப் போட்டு நடந்து பார்த்தான். கடகடவென்றது. அடியில் புல்லைத் திணித்தும் சத்தம் அடங்கவில்லை.

அன்று சாயங்காலம் திக்காவ் ஒரு தூணியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவள் கஷேயின் மனைவியுடைய அண்ணன் உன்டாவின் விதவை. உன்டா செத்து இரண்டு மழைக்காலம் போயிருந்தது. செத்தவன் சாமான்களை உடைத்துக் குழிமேல் போடுவதுதான் வழக்கம்.

"அக்கா, இத இன்னுமா வச்சிருக்க?"

"ஒடைக்கக் கை வரல. எடுத்துக்கோ. காலியாத்தான் கெடக்கு."

கஷே தூணியைத் தலைகீழாக்கித் தட்டினான். ஒன்றும் விழவில்லை. தோளில் மாட்டினான். பழகிய தூணிபோல் விலாவோடு சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டது. செத்தவர்களுக்குத் தனிமை தாங்காது, துணைக்கு ஆள் தேடி வருவார்கள் என்பதை அறியாதவனல்ல அவன். ஆனாலும் குழாயை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொண்டான்.

மறுநாள் வெயில் ஏறும் முன்பே முறுக்குக்கொம்பு மான் ஒன்று எதிர்ப்பட்டது. கண்ணை மானிலிருந்து எடுக்காமல் பின்னால் கைவிட்டு, விரலில் பட்ட அம்பை உருவி எய்தான். மான் துள்ளி ஓடியது. முனை உடம்பில் தங்க, அம்பின் தண்டு கழன்று புல்லில் விழுந்தது.

கஷே அதை எடுத்துப் பார்த்தான். சிவப்பு மண் தடவிய நரம்புக் கட்டு. அப்படிக் கட்டுகிறவன் அந்தப் பக்கத்தில் ஒருவன்தான் இருந்தான், உன்டா. கட்டு இன்னும் காயவில்லை. கஷேயின் விரலில் சிவப்பு ஒட்டியது.

தூணிக்குள் பார்த்தான். காலையில் போட்ட மூன்று அம்புகளும் அப்படியே இருந்தன.

நஞ்சு வேலை செய்யும்வரை வேட்டைக்காரன் சும்மா இருக்கவேண்டும். கஷே ஊருக்குத் திரும்பித் தன் நெருப்பருகே உட்கார்ந்தான்.

"என்ன மச்சான், ஏதாச்சும் கண்ணுல பட்டுச்சா?" என்றான் தெபே.

"ஒண்ணுமில்ல. ஏதோ சின்னதா."

வேட்டையைக் குறைத்துச் சொல்வதுதான் அங்கே மரியாதை. பெரிதாக விழுந்திருக்கிறது என்று எல்லாருக்கும் புரிந்தது.

விடிந்ததும் மானைத் தூக்கிவர ஆணும் பெண்ணுமாகக் கிளம்பினார்கள். தெபே வழியெல்லாம் வழக்கம்போல் நையாண்டி செய்தான். "எலும்பு பொறுக்கவா இம்புட்டுப் பேரு? இதுக்கு நான் தூங்கியிருப்பேன்."

தடம் நேராகப் போய்ச் சட்டென்று கிழக்கே வளைந்தது. அங்கே பெரிய கறையான் புற்று தெரிந்ததும் தெபே நடையைத் தளர்த்தினான். உன்டாவைப் புதைத்த இடம் அது. புற்றின்மேல் தலையைச் சாய்த்து மான் செத்துக் கிடந்தது.

கஷே தண்டை நீட்டினான். வாங்கிப் பார்த்த தெபே உடனே கீழே போட்டுவிட்டான்.

அம்பு யாருடையதோ, கறி அவனுடையது. அவன் கையால் பங்கு வைத்தால்தான் மற்றவர்கள் வாயில் வைக்கலாம். அம்புக்காரனோ புற்றுக்குள் இருந்தான். அவனுடையதை எடுத்தால் துணைக்கு ஆள் கேட்டு வருவான். எடுக்காமல் போனால் பிள்ளைகளுக்கு மறுபடியும் கஞ்சி. யாரும் கத்தியை எடுக்கவில்லை.

"அது என் அம்பு," என்றாள் திக்காவ். "சாகறதுக்கு முன்னாடி எனக்குக் குடுத்தாரு."

கஷே அவள் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினான். "நெசமா அக்கா?"

"நீ கறிய வெட்டு."

அவளுக்கு அம்பு கொடுத்ததாக உன்டா ஒருநாளும் சொன்னதில்லை. அது கஷேக்குத் தெரியும். தெரிந்தும் வெட்டினான். திக்காவ் எல்லாருக்கும் நிறைவாகப் பங்கு வைத்தாள். பிள்ளைகள் மூன்று நாள் வயிறாரத் தின்றார்கள்.

அடுத்த மழை தொடங்குமுன் திக்காவ் காய்ச்சலில் விழுந்தாள். விலாவில் ஏதோ தைத்திருக்கிறது, உருவுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. ஐந்தாம் நாள் செத்துப்போனாள். உன்டாவின் தூணியைக் கஷே கல்லால் உடைத்து அவள் குழிமேல் போட்டான்.

இப்போது அவன் தோளில் பிளாஸ்டிக் குழாய்தான். கடகட சத்தத்தில் பாதி மான் ஓடிவிடுகிறது. தெபே கேலி பேசுகிறான், கஷே காதில் போட்டுக்கொள்வதில்லை. தினமும் காலையில் குழாயின் இரண்டு மூடிகளையும் கழற்றி, ஒரு முனையைக் கண்ணில் வைத்து வானத்தைப் பார்க்கிறான். மறுமுனையில் வெளிச்சம் வட்டமாகத் தெரிந்த பிறகுதான் அம்புகளை ஒவ்வொன்றாக உள்ளே போடுகிறான்.