தலைமாட்டுப் பிச்சாத்தி

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் இரும்பு வைப்பார்கள். பேய் அண்டாது என்பது நம்பிக்கை. எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த காலம் அது. தலைப்பிரசவத்துக்காகத் தக்கலைக்குப் பக்கத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள் என் மனைவி. அவள் பாயின் தலைமாட்டில் மாமியார் வைத்திருந்தது ஒரு பிச்சாத்தி, காய் நறுக்கும் கத்தி.

பிள்ளையைப் பார்க்கப் போனேன். எனக்கு நாலுபேர் முன்னால் பேச வராது. அறை வாசலிலேயே நின்றேன். அவள் கண் குழிந்து கிடந்தாள். பிள்ளை அழுதும் திரும்பவில்லை. தூங்குவதே இல்லை, பாலூட்டக் கொடுத்தால் கை உதறுகிறது, கத்தியை எடுத்துவிடச் சொல்லி அழுகிறாள் என்றார் மாமியார்.

"இரும்பக் கண்டு நடுங்குது மாப்பிளே. உள்ள இருக்கது இவ இல்ல."

அதனால் கத்தியோடு ஒரு அரிவாளையும் சேர்த்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை வரும்படி மந்திரவாதிக்கும் சொல்லியாயிற்று.

மாமியார் அடுக்களைக்குப் போனதும் அவள் என்னைப் பக்கத்தில் அழைத்தாள்.

"எனக்கு இரும்பப் பாத்துப் பயமில்ல. எங் கையப் பாத்துத்தான் பயம். பிள்ளைய என்னமும் செஞ்சிருவேனோன்னு நெனப்பு வருது. வேண்டாம்னாலும் வருது."

தான் செத்துப்போனால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்றும் சொன்னாள். பேய்க்குப் பிள்ளைமேல் இத்தனை கரிசனம் இருக்காது என்று எனக்குப் பட்டது.

இரண்டு இரும்பையும் எடுத்துப் பத்தாயத்து நெல்லுக்குள் ஆழப் புதைத்தேன். மாமியார் தடுத்தபோது, அடுத்த பஸ்ஸுக்கு நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று உரக்கவே சொன்னேன். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரி, "மாப்பிளைக்கு நாக்கு உண்டா? இல்லன்னுல்லா நெனச்சோம்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் என்னையும் கூடவே வந்த மாமியாரையும் வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் நெடுநேரம் பேசினார். பிறகு மாமியாரைக் கூப்பிட்டு, பிள்ளைப்பேற்றுக்குப் பின் சிலருக்கு இப்படி வரும், இது நோய், ஏசக்கூடாது, தனியாக விடக்கூடாது, முதலில் அவள் தூங்க வேண்டும் என்றார். சில நாள் அங்கேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். மாமியார் பக்கத்திலேயே இருந்தார். அவள் பாலூட்டும்போது பிள்ளைக்கு அடியில் தன் கையையும் கொடுத்துக்கொண்டார். மந்திரவாதி பேச்சை எடுக்கவில்லை. தூங்குகிறவள் நெற்றியில் திருநீறு மட்டும் பூசினார். நான் தடுக்கவில்லை.

குணம் மெல்லத்தான் வந்தது. ஊர் சிரித்தாலும் மாமியார் வீட்டிலேயே தங்கினேன். அந்த நினைப்பு இன்று வந்ததா என்று தினமும் கேட்கப் பழகினேன். அவளும் மறைக்கவில்லை. வந்தது என்று சொன்ன நாளில் நான் வெளியே போகமாட்டேன்.

பிள்ளை குப்புற விழத் தொடங்கிய பிறகு ஒருநாள் அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"அந்தப் பிச்சாத்திய எங்க போட்டிய? வாழக்கா நறுக்கணும்."

பத்தாயத்தில் இறங்கித் துழாவி எடுத்துக் கொடுத்தேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் நறுக்கி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன். போகச் சொல்லவில்லை அவள்.