கலியாணத்துக்குப் பிறகு வந்த விண்கப்பல்

அந்த வீடியோ கசெற்றின் முதுகில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில் முதலில் ஓர் ஆங்கிலப் பெயரும் இரண்டு என்ற இலக்கமும் எழுதப்பட்டிருந்தன. பிறகு அவை நீல மையால் வெட்டப்பட்டு, கீழே தமிழில் ‘கலியாணம்’ என்று எழுதப்பட்டிருந்தது. மாமியின் மகன் கனடாவில் புதுக் கசெற் வாங்கப் பஞ்சிப்பட்டு, தொலைக்காட்சித் தொடரொன்றைப் பதிந்து வைத்திருந்த பழைய கசெற்றிலேயே தன் கலியாணத்தையும் பதிந்து அனுப்பிவிட்டார். எத்தனையோ கைமாறி, கடைசியில் ஒரு பால்மாப் பைக்குள் இருந்து வன்னியில் உடையார்கட்டுக்கு வந்து சேர்ந்தது. மாமி அதை இரண்டு கையாலும் வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்தார். தூசி எதுவும் இருக்கவில்லை.

மாமி என்றால் என் அப்பாவின் தங்கை. யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்தபோது அவரும் அவருடைய மகளும் நானும் ஒரே ஓலைக் கொட்டிலில் வந்து ஒதுங்கினோம். மாமா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மகள் எனக்கு மூத்தவள். மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக இருந்தேன். சம்பளம் இல்லை, மரியாதை இருந்தது.

கலியாணம் பார்க்க மின்சாரம் வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் ரீவியும் வைத்து வாடகைக்கு விட்டார். மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். எல்லோருக்கும் அவர் ஜெனரேற்றர் அண்ணை. அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையால் பெற்றோல் தங்க விலை விற்ற காலம். ஊசி மருந்துச் சிரிஞ்சில் நாலு சொட்டுப் பெற்றோல் எடுத்து எஞ்சினின் வாயில் விட்டு அதைக் கிளப்புவார். அது இருமிக்கொண்டு எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். படம் பார்க்க வருகிறவர்கள் மண்ணெண்ணெயைப் போத்தலில் கொண்டுவர வேண்டும். ஒரு ஞாயிறு பின்னேரம், யன்னலெல்லாம் சேலை கட்டி இருட்டாக்கி, புழுங்கிச் செத்தபடி கலியாணத்தைப் பார்த்தோம். அது முடிந்ததும் திரை கொஞ்சம் நடுங்கியது. பிறகு ஒரு விண்கப்பல் வந்தது.

அண்ணை டெக்கை நிறுத்தக் கையை நீட்டினார். “எண்ணெய் மிச்சம் கிடக்குத்தானே, ஓடட்டும்” என்றார் மாமி. எங்களைப் பிடித்த பைத்தியம் அந்த இடத்தில்தான் தொடங்கியது.

எங்களுக்குக் கிடைத்தது அந்தத் தொடரின் இரண்டாம் பகுதியில் பின்பாதி மட்டும். முன்பாதியைக் கலியாணம் விழுங்கிவிட்டது. கப்பலில் ஏதோ ஒரு சக்தி எல்லா இயந்திரத்தையும் நிறுத்திவிடும். வெளிச்சம் இல்லை, குளிர். வெளியே திருத்த வேலைக்குப் போன ஒருவன் திரும்பி வந்து கதவைத் தட்டுவான். தலை நரைத்த பெண் தலைவி உள்ளே நின்று, கதவைத் திறக்க வேண்டாம் என்பதுபோலக் கையைக் காட்டுவாள். தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் கதவில் உள்ளங்கையை வைப்பாள். அத்தோடு சரி. அடுத்த வாரம் தொடரும் என்று எழுத்து வரும். எங்களுக்கு அடுத்த வாரமும் அதே எழுத்துத்தான் வந்தது.

முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. அதுவே வசதியாகப் போயிற்று. அவரவர் விருப்பப்படி கதை கட்டிக்கொள்ளலாம். ஓய்வுபெற்ற விஞ்ஞான மாஸ்டர் ஒருவர் மொழிபெயர்ப்பாளராக வந்து சேர்ந்தார். ஒவ்வொரு தடவையும் தலைவியின் அதே வசனத்துக்கு வேறு வேறு அர்த்தம் சொல்லுவார். கேட்டால், “போன முறை எஞ்சின் சத்தத்திலை வடிவாக் கேக்கேல்லை” என்பார். கப்பல் ஏன் நின்றது என்பதில் மாமிக்குச் சந்தேகமே இருக்கவில்லை. “பொருளாதாரத் தடைதான். அவையளுக்கும் மண்ணெண்ணெய் விடேல்லை.” கலியாணத்தைத் தாண்டி ஓடவிட்டு நேராகக் கப்பலுக்குப் போகச் சொல்லுவதும் மாமிதான். மருமகளை விட விண்வெளிக்காரரில்தான் பட்சம் கூட என்று ஒழுங்கை முழுவதும் பகிடி பண்ணியது. மாமியும் சேர்ந்து சிரிப்பார்.

அந்தச் சக்தியைப் பற்றி எங்களுக்கு இருந்த அறிவைச் சொன்னால் சிரிப்பீர்கள். அது வரும்போது திரையில் வெள்ளைக் கோடுகள் சீறிக்கொண்டு போகும். நாங்கள் பார்க்கப் பார்க்கக் கோடுகள் கூடின. முதலில் கப்பலின் வாலில் மட்டும் இருந்தவை பிறகு மேசைகளுக்கும், பிறகு ஆட்களுக்கும் வந்தன. “சக்தி ஏறிக்கொண்டு வருது” என்று மாமி பயந்தே போனார். மாஸ்டர் அதற்குக் காந்தப்புலம் என்று விளக்கம் சொன்னார். அந்த இடத்தையே திரும்பத் திரும்பச் சுழற்றிப் பார்த்ததில் நாடா தேய்கிறது என்று அண்ணைக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாடகைக்கு விடுகிறவர் வாயைத் திறக்கவில்லை. கடைசிக் காலத்தில், கதவுக்கு வெளியே நின்றவனின் முகம் கோடுகளுக்குள் போய்விட்டது. தட்டுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது.

இப்போது அந்தத் தொடர் முழுவதும் கைபேசியில் கிடைக்கிறது. சில வருடங்களுக்கு முன், பேருந்துக்குக் காத்திருந்தபோது, முன்பாதியைப் பார்த்தேன். ஒரு கோடும் இல்லை. அந்தக் கதவு பூட்டினால் குறித்த நேரம் போகும்வரை யாராலும் திறக்க ஏலாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். தலைவி மறிக்கவுமில்லை, கைவிடவுமில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. நாங்கள் வருடக்கணக்காகப் பிடித்த சண்டைக்கு இவ்வளவுதானா பதில்? எங்களுடைய கதை இதை விட நன்றாக இருந்தது.

சண்டை இதுதான். மச்சாள் தலைவியை மன்னிக்கவே மாட்டாள். “அவளுக்குத் தட்டுறது கேக்குது. கேட்டும் திறக்கேல்லை.” மாமி விடமாட்டார். “திறந்தா உள்ளுக்கை இருக்கிற எல்லாரும் போச்சு. ஒரு ஆளை விட்டாத்தான் மற்ற ஆக்கள் தப்பலாம். பொறுப்பிலை இருந்து பார், தெரியும்.” சோறு வடிக்கும்போதும் கிணற்றடியிலும் இது நடக்கும். உடையார்கட்டில் எங்களுக்கு வேறு என்ன இருந்தது? தெற்கே போக வழியில்லை, வடக்கே வீடில்லை. மேலே கிபீர் குண்டுவீச்சு விமானம் வந்தால் பதுங்குகுழி. ஊர் என்பது ஒரு பெரிய அறை போல இருந்தது. அதன் சுவர்கள் மாதத்துக்கு மாதம் நெருங்கி வந்தன. அதற்குள் இருந்துகொண்டு நாங்கள் இன்னொரு அடைபட்ட கூட்டத்துக்காக வாதாடினோம்.

அப்போதுதான் மகன் போட்ட ஸ்பொன்சர் சரிவந்தது. மாமி கொழும்புக்குப் போய்த் தூதரகத்தில் முகம் காட்டினால் கனடா போகலாம். ஆனால் வன்னியை விட்டு வெளிக்கிட இயக்கத்தின் பாஸ் வேண்டும். வயது போனவர்களுக்குக் கிடைக்கும். எங்கள் வயதுக்காரருக்கு இல்லை. போகிறவர் திரும்பி வருவார் என்று வீட்டில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் வராவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். என்ன பதில், எப்படிப்பட்ட பதில் என்று கந்தோரில் யாரும் விளக்கியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. மாமி போனால் திரும்பப் போவதில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

மாமி மறுத்தார். மச்சாள் ஒற்றைக் காலில் நின்றாள். தானே போய்ப் பிணைக்குக் கையெழுத்து வைத்துவிட்டு வந்து, குசினிக்குள் நின்ற தாயிடம் சிரித்தபடி சொன்னாள்: “ஒரு ஆளை விட்டாத்தான் மற்ற ஆள் தப்பலாம். நீங்கள் சொன்னதுதானே அம்மா. இனிக் கதவைப் பூட்டிப்போட்டு வெளிக்கிடுங்கோ.” பகிடியாகத்தான் சொன்னாள். மாமியின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. அந்த முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

மாமி வெளிக்கிட்ட அன்று ஜெனரேற்றர் அண்ணைதான் மன்னார்ப் பக்கத்துச் சோதனைக் கடவைவரை உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு போனார். மச்சாள் படலைவரை வந்து, அழாமல் கையைக் காட்டினாள். மெசின் திரும்பியதும் உள்ளே போய்ப் பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்று அடுப்பு மூட்டவில்லை.

அடுத்த நாள் பொழுதுபடுவதற்குள் அதே மெசின் வந்து படலையில் நின்றது. அதே பையோடு மாமி இறங்கினார். “பாஸிலை ஏதோ பிழையாம். விடமாட்டமெண்டிட்டாங்கள். பசிக்குது, சோறு கிடக்கோ?” என்றபடி கால் கழுவப் போனார். நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் மெசினின் சில்லைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “ஒரு பிழையும் இல்லை பிள்ளை. வரிசையிலை நிண்டு முறையும் வந்தது. கூப்பிட்டாங்கள். அவா விலத்திப் பின்னாலை நிண்டவைக்கு வழி விட்டிட்டா. பேந்து, ‘திருப்பு தம்பி’ எண்டா.”

மச்சாளுக்கும் கேட்டது. கிணற்றடிக்குப் போனவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “நீங்கள் போயிருந்தா எங்கடை ஆள் ஒண்டாவது வெளியிலை நிண்டிருக்கும். அதை நினைச்சுக்கொண்டு நான் இருந்திருப்பன். இப்ப உங்களை இஞ்சை அடைச்சு வைச்சதும் நான்தான் எண்டு ஆக்கிப்போட்டியள்.” மாமி வாளியைக் கிணற்றுக்குள் விட்டார். அன்றிலிருந்து மச்சாள் தாயோடு கதைப்பதை விட்டாள். சோறு போடுவாள், தலைக்கு எண்ணெய் வைப்பாள், கதை மட்டும் இல்லை. பாஸின் தவணை கொட்டிலுக்குள்ளேயே முடிந்தது. இரண்டாம் முறை கேட்டு மாமி போகவுமில்லை.

கனகாலத்துக்குப் பிறகு ஒரு ஞாயிறு, மாஸ்டர் வந்து கெஞ்சி எல்லோரையும் படம் பார்க்கத் திரும்பச் சேர்த்தார். மச்சாளும் வந்து வாசற்பக்கம் ஒதுங்கி இருந்தாள். அண்ணை போத்தல்களைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “எண்ணெய் காணாது மாமி. கப்பலை மட்டும்தான் பாக்கலாம்” என்றார். மாமி கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். “கப்பல் வேண்டாம். கலியாணத்தைப் போடு.”

நாங்கள் தாண்டித் தாண்டி ஓடவிட்ட படம் அன்றைக்குத்தான் முழுதாக ஓடியது. மகன் வேட்டியோடு சிரித்தார். தாலி ஏறியது. பெற்றவர் நிற்க வேண்டிய இடத்தில் எங்களுக்குத் தெரியாத ஒரு பெண்ணும் அவருடைய கணவரும் நின்றார்கள். யாரோ நண்பரின் தாயாக இருக்கும், தாய் ஸ்தானத்துக்குக் கேட்டு நிறுத்தியிருப்பார்கள். மாமி ஏன் ஒரு தடவைக்கு மேல் இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதை ஒழுங்கையோடு சேர்ந்து பகிடி பண்ணினோமே என்று வெட்கமாக இருந்தது. ஊரில் நடந்திருந்தால்கூடக் கைம்பெண் என்று மாமி பின்னுக்குத்தான் நின்றிருப்பார்.

திரையில் மகனும் மருமகளும் குனிந்து அந்தப் பெண்ணின் காலில் விழுந்தார்கள். அவர் ஆசீர்வதித்துத் தூவத் தட்டிலிருந்து அறுகரிசி அள்ளினார். மாமி கதிரையை விட்டு எழுந்தார். அந்தப் பெண் தூவியபோது, இவரும் வெறுங்கையை உயர்த்தி, திரையில் குனிந்திருந்த தலைகளுக்கு மேலே தூவினார். “நல்லா இருங்கோ பிள்ளையள்” என்றார். எஞ்சின் சத்தத்திலும் அது எல்லோருக்கும் கேட்டது. வாசலில் இருந்த மச்சாள் எழுந்து வந்து, தாயின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.