மரவள்ளிக்கு இஞ்சி ஆகாது

எங்கள் கடையில் மரவள்ளிக்கிழங்கு வாங்குகிறவருக்கு இஞ்சி கிடைக்காது. முதலாளி போட்ட சட்டமல்ல. காசு வாங்கும் மேசையில் இருக்கும் புனிதவதி அக்கா போட்டது. இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்தால் இஞ்சியை எடுத்துத் தன் கதிரைக்குப் பின்னால் வைத்துவிடுவார். "பா ஆன்சாம்பிள்" என்பார். சேர்க்கக் கூடாது என்று அர்த்தம். இவ்வளவு காலம் பிரான்சில் இருந்தும் அவர் தடக்குப்படாமல் பேசும் பிரெஞ்சு அது ஒன்றுதான்.

பாரிசின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இப்படி வியாபாரம் செய்தால் கடை உருப்பட்ட மாதிரித்தான். எங்கள் ஆட்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மரவள்ளி தின்ற வயிற்றில் இஞ்சி பட்டால் நஞ்சு என்று கேட்டு வளராத யாழ்ப்பாணத்தார் உண்டா? ஆபிரிக்கர்களும் கரீபியன் தீவுக்காரர்களும்தான் முதலில் சிரிப்பார்கள், பிறகு கத்துவார்கள். "இன்னொருக்கா சனம் வந்து கத்தினா அக்காவை வேலையாலை நிப்பாட்டிப்போடுவன், பிரசாந்தன்" என்று முதலாளி குணரத்தினம் அண்ணை என்னிடம் சொல்லியிருந்தார். அக்காவிடம் நேரே சொல்ல அவருக்குத் துணிவில்லை. மரக்கறி அடுக்குகிற என் தலையில்தான் எல்லாம் விடியும்.

நானும் ஒருநாள் எரிந்து விழுந்தேன். "கிழங்கு விக்கவோ, சாத்திரம் சொல்லவோ இஞ்சை இருக்கிறியள்?" என்றேன். அதற்கு அவர் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்குக் கோபமே வருவதில்லை, களைப்புத்தான் வருகிறது.

2009இல் வன்னியில், ஆட்கள் விட்டுவிட்டு ஓடிய ஒரு வளவில் அக்கா மரவள்ளி பிடுங்கியிருக்கிறார். பதுங்குகுழிக்குப் பக்கத்தில் அவசரமாக அவித்து மகன் கிருஷாந்துக்குக் கொடுத்தார். பிள்ளை இருமிக்கொண்டிருந்ததால் இஞ்சித் தேத்தண்ணியும் கொடுத்தார். நித்திரையில்லாத அந்த நாட்களில், இரண்டும் சேரக் கூடாது என்பது அவருக்கு நினைவு வரவில்லை. விடிந்தபோது பிள்ளை இல்லை. காய்ச்சலில் போனான் என்றுதான் பாரிசில் இருந்த கணவர் தில்லையம்பலத்துக்குச் சொன்னார். இன்றும் புறநகர் கார்ஜ் லே கொனெஸ் வீட்டில் கணவர் நம்புவது அதைத்தான்.

"மறந்துபோனன் தம்பி. ஒரு தாய் மறக்கிற விசயமே அது?" என்று கேட்டார்.

போன சனிக்கிழமை ஜெர்மேன் வந்தார். கொங்கோக்காரி, வாய்க்காரி. மகளின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று ஒரு பெட்டி மரவள்ளியும் ஒரு பை நிறைய இஞ்சியும் கொண்டுவந்து வைத்தார். அக்கா வழமைபோல இஞ்சியை மறைத்தார். ஜெர்மேன் போட்ட சத்தத்தில் குணரத்தினம் அண்ணை உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

"அக்கா, இண்டைக்கு இஞ்சியைக் கணக்கிலை போடாட்டி நாளைக்கு வராதேங்கோ."

"ஞானஸ்நான வீட்டிலை பிள்ளையள் இருக்கும். நான் போடமாட்டன்" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "ஏனெண்டு அவவுக்குச் சொல்லு, பிரசாந்தன்."

சொன்னேன். பிள்ளையின் கதையையும் சேர்த்தே பிரெஞ்சில் சொன்னேன். ஜெர்மேன் சிரிக்கவில்லை. அக்காவின் பக்கம் திரும்பி, "கிழங்கை எத்தனை நாள் ஊறவைத்தீர்கள்?" என்று கேட்டார். அதைத் தமிழில் சொன்னேன்.

"ஊறவைக்கிறதோ? அவிச்சுத் தின்னுறதுதானே" என்றார் அக்கா.

ஜெர்மேன் மெதுவாகச் சொன்னார். மரவள்ளியில் கசப்பு இனமும் உண்டு. அதை நாட்கணக்கில் தண்ணீரில் போட்டுத்தான் நஞ்சை எடுப்பார்கள். இது கொங்கோ மண்ணின் கிழங்கும் இல்லை, போர்த்துக்கேயர் பிரேசிலிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. நடுகிற தடியை ஏற்றி வந்தவர்கள், கசப்பை எடுக்கத் தெரிந்த மனிதரை ஏற்றி வரவில்லை. தங்கள் பாட்டன்மார் செத்துச் செத்துத்தான் படித்தார்கள். சண்டைக்குப் பயந்து ஓடிய வருடம், ஊறும்வரை இருக்க நேரமில்லாமல் தின்று தன் தங்கை செத்துப்போனாள். "அங்கே இஞ்சி இருக்கவில்லை" என்றார். "நாங்கள் இஞ்சியும் மரவள்ளியும் சேர்த்துத் தின்றுதான் வளர்ந்தோம்."

இலங்கைக்கும் அது கப்பலில் வந்த கிழங்குதான், ஒல்லாந்தர் காலத்தில் என்பார்கள். எனக்கு அந்தக் கப்பல்காரர்மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. இஞ்சி பாவம், எங்கள் மண்ணில் முன்பே இருந்தது. வந்ததை விட்டு இருந்ததன் தலையில் பழியைப் போட்டோமோ என்னவோ.

எல்லாவற்றையும் தமிழில் சொல்லி முடித்தேன். அக்கா குனிந்து இஞ்சியை எடுத்துத் தராசில் வைத்தார். காசை வாங்கி மிச்சத்தைக் கொடுத்தார். ஜெர்மேன் அவருடைய கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனார். பிரச்சினை தீர்ந்தது என்று முதலாளியும் உள்ளே போனார்.

மனிசிக்கு இனியாவது நிம்மதி என்று எனக்குச் சந்தோசமாக இருந்தது. பக்கத்தில் போய், "பாத்தியளோ அக்கா, உங்களிலை ஒரு பிழையுமில்லை" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு களைத்த முகத்தை நான் கண்டதில்லை.

"இஞ்சியெண்டா குடுக்காமல் விட்டிருக்கலாம், தம்பி" என்றார். "கிழங்கை எப்பிடிக் குடுக்காமல் விடுறது? பசிக்குதெண்டெல்லோ அழுதவன்."