கேள்வியில்லாத பதில்கள்

இடது கை விசைப்பலகையில், வலது கை மவுசில். திரையில் ஓடிய ஒலிக்கோட்டை விரல்கள் வெட்டிக்கொண்டே போயின. வெட்டிய இடத்தில் மைதானத்து இரைச்சலை ஒட்டிக் கண்ணை மூடிக் கேட்டாள். ஒட்டு காதில் பட்டால் பிரித்து மறுபடி ஒட்டினாள். தொலைக்காட்சி நிலையத்தில் அவளுக்குக் கத்திரி என்று பேர். எந்தக் கல்லூரியிலும் படித்த வேலையில்லை இது. கேசட் கடையில் நின்றபடி காதால் கற்றது.

அன்று அவள் வெட்டியது கால்பந்து வர்ணனையாளரின் குரலை. தேர்தலைப் பற்றி மனிதர் தன் முகநூல் பக்கத்தில் நாலு வரி எழுதப்போக, நிலையம் அவரை ஒதுக்கி வைத்துவிட்டது. மாலையில் ஒளிபரப்பாகும் சிறந்த கோல்கள் தொகுப்பில் அவர் குரல் மருந்துக்குக்கூட இருக்கக் கூடாது என்றார் மேலாளர். அந்தப் பதிவுக்கு நம் ஆட்களில் யார் யார் லைக் போட்டார்கள் என்றும் விசாரிக்கிறோம் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

கத்திரியும் லைக் போட்டிருந்தாள். இப்போது எடுத்தால், எடுத்தது தெரியுமோ? கைப்பேசியை எடுப்பதும் கவிழ்த்து வைப்பதுமாக இருந்தாள். வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, உன் கை சும்மா இருக்காதே என்று போனை வைத்துவிட்டார்.

வர்ணனையாளரை எடுத்ததும் இன்னொரு சிக்கல். கூடப் பேசுகிற முன்னாள் கோல்கீப்பர் அந்தரத்தில் தொங்கினார். "ஆமாண்ணே", "நீங்க சொன்ன மாதிரிதாண்ணே" என்று பதில் சொல்லியே இத்தனை வருடம் ஓட்டியவர் அவர். மேலாளர் கேட்டுப் பார்த்தார். கோல்கீப்பரைத் தனியாகப் பேசவைத்துப் பதியச் சொன்னார். தேறாவிட்டால் வேறு ஆள் என்றார்.

பதிவறையில் கோல்கீப்பர் மைக் முன்னால் உட்கார்ந்தார். திரையில் கோல் விழுந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

"வரலம்மா. அண்ணன் ஏதாச்சும் சொன்னாத்தான் எனக்கு வாயே திறக்கும்."

"பேசலேன்னா வேற ஆளப் போட்டுருவாங்க சார்."

"தெரியும். அதனாலதான் இன்னும் வரல."

கத்திரி கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்கு அப்பால் யாருமில்லை என்று பார்த்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வெட்டி வெட்டியே வர்ணனையாளரின் வரிகள் அவளுக்கு மனப்பாடம்.

"ஆமாண்ணே மட்டும் வேணாம், முழுசாச் சொல்லுங்க," என்றவள், வர்ணனையாளர் இழுக்கிற இடத்தில் இழுத்தே சொன்னாள்: "பென்ஷன் வாங்கப் போற மாதிரில்ல போகுது இந்தப் பந்து! இதத் தடுக்கக் கூடாதாய்யா?"

கோல்கீப்பர் குலுங்கிச் சிரித்தார். "தடுத்திருக்கலாம். ஆனா கீப்பர் ஆளப் பாத்தாரு, பந்தப் பாக்கல." அதன்பின் நிற்கவில்லை. ஒவ்வொரு கோலுக்கும் அவள் சீண்ட, அவர் கொட்டினார். யாரோ கதவருகே நடந்தபோதெல்லாம் அவள் குரல் தணிந்தது.

பிறகு தன் குரலைத் தானே வெட்டி எறிந்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் போக மறுத்தது. எடுத்தால் பின்னால் வரும் பேச்சு செத்துப் போனது. விட்டுவிட்டாள்.

மேலாளர் கடைசிவரை கேட்டார்.

"இங்க எதுக்குச் சிரிக்கிறாரு?"

"கோல் விழுந்த லட்சணம் அப்படி சார்."

அந்த இடத்தை மறுபடி ஓட்டிக் கேட்டார். லைக் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததே அவளை அரித்தது.

"நல்லா வந்திருக்கு. இனிமே எல்லா மேட்சுக்கும் இவரு தனியாவே பேசட்டும்."

வாசலில் நின்ற கோல்கீப்பர், நீ இல்லாம எப்படிம்மா என்பதுபோல் அவளைப் பார்த்தார். மேலாளர் கையை நீட்டிக்கொண்டிருந்தார். கத்திரி பதிவு இருந்த பென்டிரைவைக் கணினியிலிருந்து பிடுங்கி அந்தக் கையில் வைத்தாள்.