காற்று தின்னப் போனோம்

என் மலாய் சுத்தமான மலாய் என்று எங்கள் எஸ்டேட்டில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான். பக்கத்து ஊரான தானா ராத்தா கடைகளில் மீனுக்குப் பேரம் பேசவும், லோரி டிரைவரைச் சிரிக்க வைத்து ஓசியில் ஏறிக்கொள்ளவும் போதுமான மலாய் அது. அதைக்கொண்டு ஒரு மனிதனை நாட்டைவிட்டே அனுப்ப முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த மனிதன் என் நண்பன். தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், பச்சை இலையைக் காயப்போடும் இடத்தில், நானும் அவனும் ஒன்றாக வேலை செய்தோம். இரண்டு வயதில் அவன் அம்மாவின் இடுப்பில் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவன். அதனால் அவன் கையில் இருந்தது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவனின் அடையாள அட்டை. நான் எஸ்டேட் லைன் வீட்டிலேயே பிறந்தவன், எனக்குக் குடிமகனின் நீல ஐசி. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் இங்கே பிறந்தது ஒன்றுதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. சிவப்பு ஐசிக்காரன் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று ஆகிவிட்டிருந்தது. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் எஸ்டேட் குமாஸ்தாவான கிராணி, "அடுத்த தடவை கிடைக்குமான்னு சொல்ல முடியாது" என்பார். அவன் அம்மா இந்தியாவுக்கே போய்விடலாம் என்று பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்திருந்தார். "அங்க எனக்கு யாரைடா தெரியும்? இந்த மலையை விட்டா எனக்கு ஒரு தெருகூடத் தெரியாது" என்று இவன் குடியுரிமைக்கு எழுதிப்போட்டான். குவாந்தானில் நேர்முகத்துக்கு வரச்சொல்லி கடிதம் வந்தது. மலாயில்தான் கேட்பார்கள். அவனுக்கு நாலு சொல்லுக்கு மேல் மலாய் வராது. சுத்த மலாய்க்காரன் நான் இருக்கும்போது என்ன கவலை? கூடவே கிளம்பினேன்.

எங்கள் மலை பாஹாங் மாநிலத்தில் இருக்கிறது. குவாந்தானும் பாஹாங்கில்தான் இருக்கிறது. ஆனால் போக வேண்டுமென்றால் பேராக் பக்கம் இறங்கி, கோலாலம்பூர் போய், திரும்ப பாஹாங்குக்குள் நுழைய வேண்டும். வழியில் பட்டாளத்துக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி ஐசி பார்ப்பார்கள். சிவப்பைப் பார்த்தால் என்ன கேட்பார்கள் என்று பஸ்ஸில் இவன் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தான்.

"'டத்தாங் சினி புவாட் அப்பா'ன்னு கேப்பான். இங்க எதுக்கு வந்தேன்னு அர்த்தம். நீ ஒண்ணும் யோசிக்காதே. 'மாக்கான் ஆங்கின்'னு சொல்லு."

"மாக்கான்னா சாப்பிடறது. ஆங்கின்னா காத்து. காத்தைத் தின்ன வந்தேன்னா சொல்றது? அறைஞ்சிருவான்லா."

"டேய், சுத்திப் பாக்க வந்தேன்னு அர்த்தம். உல்லாசப் பயணம். கேட்டா அவனே சிரிச்சுட்டு விட்டுருவான்."

அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. பத்துத் தடவை சொல்லிப் பார்த்தான். பக்கத்து சீட்டுக் கிழவர்கூடச் சிரித்தார். நான் உச்சி குளிர்ந்து போனேன். அந்தப் பயணத்தில் எங்கள் பஸ்ஸை எந்தப் பட்டாளத்துக்காரனும் நிறுத்தவில்லை.

மறுநாள் காலை ஆபீஸில் என்னை உள்ளே விடவில்லை. வாசலில் நின்றேன். கால் மணி நேரத்தில் அவன் வெளியே வந்தான், முகமெல்லாம் சிரிப்பு. "முடிஞ்சுதுடா. ஆபீஸருங்க ரெண்டு பேரும் நல்லா சிரிச்சுப் பேசுனாங்க." சிரித்தால் காரியம் ஜெயம் என்பது என் கொள்கை. வாடா, கடலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தெலுக் செம்பெடாக் பஸ்ஸில் ஏற்றினேன்.

ஆண்டுக் கடைசி, காற்றுக்காலம். மணலில் எங்களைத் தவிர யாரும் இல்லை. எங்கள் மலைக் காற்று பனியோடு சத்தமில்லாமல் வந்து சட்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும். இந்தக் காற்று கத்தியது. கரையின் சவுக்கு மரங்களெல்லாம் ஊர்ப்பக்கம் சாய்ந்து கிடந்தன. வளைவின் முனையில் கரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்க, அலை அவற்றில் மோதி எங்கள் தலைக்குமேல் எழும்பியது. நாங்கள் பாறைகளில் கையும் காலுமாகத் தொற்றிக்கொண்டு போனோம். என் செருப்பு ஒன்று கடலில் விழுந்தது. அதற்கு நான் மலாயில் இரங்கல் உரை நிகழ்த்தினேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இந்தியா எந்தப் பக்கம்டா?"

நேராகக் கடலைக் காட்டினேன். அவன் அந்தத் திசையைப் பார்த்து, "நான் வரலைன்னு சொல்லிரு" என்றான். இந்தியா எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது என்பதை வெகுகாலம் கழித்து ஒரு வரைபடத்தில் பார்த்தேன்.

பாறை மறைவில் உட்கார்ந்தபோதுதான் கேட்டேன், உள்ளே என்ன நடந்தது என்று.

"பேரு கேட்டாங்க, வேலை கேட்டாங்க, சொன்னேன். அப்புறம் கேட்டாங்க பாரு, நீ சொன்ன அதே கேள்வி! டத்தாங் சினி புவாட் அப்பா. டக்குனு சொன்னேன்லா, மாக்கான் ஆங்கின்! ஒருத்தர் பேனாவை வச்சுட்டுச் சிரிச்சாரு. பக்கத்துல இருந்தவர்கிட்ட சொல்லி அவரும் சிரிச்சாரு. அப்புறம் 'பிலா பாலிக்?'னு கேட்டாங்க. எப்பத் திரும்பிப் போறேன்னு. எசோக், நாளைக்குன்னேன். நாளைக்குத்தானே நமக்கு பஸ்ஸு? எழுதிக்கிட்டாங்க."

அவர்கள் கேட்டது இந்த நாட்டுக்கு ஏன் வந்தாய் என்று. இந்த நாட்டை விட்டு எப்போது போவாய் என்று. என் நண்பன் சுற்றிப் பார்க்க வந்தேன், நாளைக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருக்கிறான்.

அப்போது மணி ஒன்றரை இருக்கும். ஆபீஸ் நாலேகால் வரை. அந்த நிமிடமே எழுந்து ஓடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு ஜோக் சொன்னேன். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தான், அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்று இத்தனை வருடம் சொல்லி வந்திருக்கிறேன். உண்மை அதுவல்ல. தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வளைவையும் பார்க்கலாம் என்று கூட்டிப்போனேன். ரோட்டோரக் கடையில் கெரோப்போக் வாங்கிக் கொடுத்தேன். வறுத்த மீன் அப்பளத்தில் பாதியைக் காற்று அடித்துக்கொண்டு போக, அதற்கும் சிரித்தோம். மணி மூன்றரை தாண்டியது. அப்புறம் சொன்னேன்.

அவன் கையிலிருந்த பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"எசோக்னு சொன்னதும் தப்பா?"

"ஆமா."

"அது நீ சொல்லிக்குடுக்கலையே. அதை நானேதான் சொன்னேன்."

என் பங்கில் பாதியை அவன் எடுத்துக்கொள்ளப் பார்த்தான். எனக்கு அழுகை வந்தது. உப்புக்காற்று கண்ணில் அடிக்கிறது என்றேன்.

பஸ் வரவில்லை. ஒற்றைச் செருப்போடு ரோட்டில் நடந்தோம், பிறகு ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காவலாளி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். இரவு பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் கிடந்து மறுநாள் காலை முதல் ஆளாக நின்றோம். முந்தின நாள் நேர்முகம் செய்த அதே அதிகாரி முழுவதையும் கேட்டார். நல்ல மனிதர். ஃபைல் நேற்று மாலையே மேலே போய்விட்டது, இனி கடிதம்தான் வரும் என்றார்.

"யார் இவனுக்குச் சொல்லிக் கொடுத்தது?"

என் சுத்தமான மலாயில் அதற்கு ஒரு சொல்கூட இல்லை. நண்பன்தான், "பஸ்ல ஒரு கிழவர்" என்று சமாளித்தான்.

சில மாதங்களில், குடியுரிமை இல்லை என்று கடிதம் வந்தது. அடுத்து பெர்மிட் வரவில்லை. இதெல்லாம் அந்த இரண்டு சொற்களால்தானா, இல்லை எப்படியும் அப்படித்தான் ஆகியிருக்குமா என்று கிராணி முதல் கங்காணி வரை எல்லாரையும் கேட்டேன். எப்படியும் அப்படித்தான் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். எனக்கு அது ஒரு ராத்திரிகூட உதவியதில்லை.

அவனும் அம்மாவும் இந்தியாவுக்குக் கிளம்பிய காலை தானா ராத்தா பஸ் ஸ்டாண்டில் பனி முகத்தை மறைத்தது. அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு தகரப்பெட்டியும் அவன் ஒரு தகரப்பெட்டியுமாகத் தூக்கி மேலே கட்டினோம். வேடிக்கையாக எதையாவது சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிருந்தது. டிரைவர் பெட்டிகளைப் பார்த்து, எங்கே இவ்வளவு தூரம் என்று மலாயில் கேட்டார்.

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மாக்கான் ஆங்கின்."

டிரைவர் சிரித்தார்.